ஏ.சி. சில்லர் இயந்திரத்தைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: எங்கள் 22 மாடி அலுவலகக் கட்டடத்துக்கு 45 வயது. நகரின் அடையாளமாகிவிட்டதால் முகப்பை மாற்ற அனுமதி கிடைக்காது. மேற்குப் பக்க அறைகளில் பிற்பகலில் உட்கார முடியவில்லை. ஒரு நிறுவனம் இலவசமாக எரிசக்தித் தணிக்கை செய்து கொடுத்து, 500 டன் சில்லரை (மத்திய ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்; டன் என்பது குளிர்விக்கும் திறனின் அளவு) கழற்றிவிட்டு 600 டன் போடச் சொல்கிறது. போடலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். சில்லர் விற்பவர் செய்யும் இலவசத் தணிக்கை எப்போதும் சில்லரில்தான் போய் முடியும். அதற்கான கட்டணம் பொருளின் விலைக்குள் ஏறியிருக்கும். எதையும் விற்காத, கமிஷன் வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுக்கும் ஒரு பொறியாளருக்குப் பணம் கொடுத்துத் தணிக்கை செய்யுங்கள்.

உங்கள் சிக்கல் குளிர் போதாதது அல்ல, வெப்பம் அதிகம் உள்ளே வருவது. முதலில் அதைக் குறையுங்கள். இன்றைய வெப்பத்துக்கு 600 டன் வாங்கிவிட்டு, நாளை ஜன்னலையும் விளக்கையும் சரிசெய்தால் அந்தச் சில்லர் இன்னும் 20 வருடம் பாதிச் சுமையில்தான் ஓடும். சுமை மிகவும் குறைந்தால், பெரிய சில்லர்களில் சுழல் சக்கரத்தால் வாயுவை அழுத்தும் சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசரில் வாயு பின்வாங்கி இயந்திரமே குலுங்கும், பேரிங் போகும்.

விடுமுறை நாளில் அதிகாலை 3 மணிக்கு மீட்டரைப் பாருங்கள். ஆளில்லாத கட்டடம் பகல் சுமையில் மூன்றில் ஒரு பங்கை இழுத்தால், பெரும்பாலும் யாரோ நிறுத்த மறந்த ஏ.எச்.யூ.க்களும் (குளிர்ந்த காற்றை மாடிகளுக்குத் தள்ளும் பெட்டிகள்) எக்ஸாஸ்ட் விசிறிகளும் ஓடுகின்றன. டைமரை ஒழுங்குபடுத்தினாலே போதும், செலவு அநேகமாக இல்லை.

அடுத்தது ஜன்னல். சட்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டை நகத்தால் அழுத்துங்கள். அமுங்காமல் கல்லாக இருந்தால் அதன் காலம் முடிந்தது. மூலைகளில் சுருங்கி, விரல் நுழையும் இடைவெளிகூட விட்டிருக்கும். காற்றடிக்கும் நாளில் மெல்லிய டிஷ்யூ தாளை அங்கே பிடித்தால் படபடக்கும். கேஸ்கெட்டையும், இடுக்கை அடைக்கும் பசையான சீலன்டையும் மாற்றினால் வெளித்தோற்றம் துளியும் மாறாது. பழைய சீலன்டைச் சுரண்டுவதற்கு முன் ஆய்வகத்தில் சோதியுங்கள். 1970களின் சீலன்டில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கலாம், கூரைப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம்.

வெயில் தாக்கும் மேற்குப் பக்கத்துக்கு உள்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போடலாம், முகப்பு அப்படியே இருக்கும். வெயில் தடுக்கும் ஃபிலிம் அதைவிட மலிவு. ஆனால் கம்பி பதித்த கண்ணாடியிலும் நிறக்கண்ணாடியிலும் வெப்பத்தை உறிஞ்சும் அடர் ஃபிலிமை ஒட்டினால் ஓரத்திலிருந்து விரிசல் விடும். விற்பவர் இதைச் சொல்வதே இல்லை. ஒரு ஜன்னலில் ஒட்டி, வெளியே நின்று பார்த்த பிறகே மொத்தத்துக்கும் ஆர்டர் கொடுங்கள்.

விளக்குகளுக்கு ஒரு கணக்கு. பழைய சோக்கோடு எரியும் 36 வாட் டியூப் சுமார் 45 வாட் இழுக்கும், எல்.இ.டி. 18 வாட். 2,000 டியூப் மாற்றினால் 54 கிலோவாட் மிச்சம். மின்சாரம் மட்டுமல்ல, அந்த 54 கிலோவாட்டும் வெப்பமாகி அறையில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு டன் குளிர் என்பது சுமார் 3.5 கிலோவாட். ஆக, விளக்கிலேயே 15 டன் குறைகிறது. ஏ.எச்.யூ. விசிறிக்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி போட்டு வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் நடந்த வழியும் இதுதான். 1931இல் திறந்த கட்டடம். 2009இல் தொடங்கிய புதுப்பிப்பில் 6,514 ஜன்னல்களையும் தூக்கி எறியவில்லை. கட்டடத்துக்குள்ளேயே பட்டறை வைத்து, இருந்த கண்ணாடிகளுக்கு நடுவே படலமும் வாயுவும் சேர்த்து மீண்டும் பொருத்தினார்கள். வெப்பம் குறைந்ததால் பெரிய சில்லர் வாங்காமல் பழையதையே சீரமைத்தார்கள்.

அனுமதி அலுவலகங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல இடங்களில் ஒரு கேஸ்கெட் மாற்றவும் முகப்பை இடிக்கவும் ஒரே படிவம், ஒரே காத்திருப்பு. டெண்டரிலோ பெரும்பாலும் வாங்கும் விலையை மட்டும் பார்க்கிறார்கள், 20 வருடம் ஓட்டும் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை. பழைய கட்டடங்களைக் கெடுப்பது இந்த வழக்கம்தான்.

வேலையைச் செய்து கொடுத்து, மின்கட்டணத்தில் மிச்சமாவதில் பங்கு கேட்கும் நிறுவனங்களின் ‘சேமிப்புக்கு உத்தரவாதம்’ ஒப்பந்தங்களிலும் கவனம் தேவை. ஒப்பிடும் அடிப்படை ஆண்டாகக் கடும் கோடை வந்த, எல்லா மாடியும் நிரம்பியிருந்த ஆண்டை எழுதிக்கொள்வார்கள். அடுத்த வருடம் நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் ‘சேமிப்பு’ வரும், அவர்கள் பங்கு கேட்பார்கள். வானிலைக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் திருத்தம் செய்யும் விதி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சில்லரைக் கடைசியில் வாங்கச் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கம்ப்ரசர் ஏற்கெனவே அடிக்கடி நின்றுபோனாலோ, பழைய சில்லர்களில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-22 வாயு கசிந்துகொண்டிருந்தாலோ காத்திருக்க முடியாது. ஓசோன் படலத்தைக் காக்கும் உலக ஒப்பந்தமான மான்ட்ரியல் நெறிமுறைப்படி ஆர்-22 ஒழிக்கப்பட்டு வருவதால் மறுநிரப்பல் வருடத்துக்கு வருடம் கடினமாகும். அப்போதும் 600 டன் ஒன்றாக வேண்டாம். குறைந்த சுமையிலும் நன்றாக ஓடும் 200 டன் சில்லர் ஒன்றை இப்போது போடுங்கள். பழையதைப் பழுதுபார்த்து, அந்த 200 டன் போதாத நேரங்களுக்கு மட்டும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்கப்போகும் இரண்டாவது சில்லருக்கான குழாய் இணைப்பு, வால்வு, தளத்தில் இடம் மூன்றையும் இன்றே விட்டுவையுங்கள். ஜன்னலும் விளக்கும் முடிந்து ஒரு முழுக் கோடை கடந்த பிறகு மீட்டர் காட்டும் உச்சச் சுமையைப் பார்த்து, அதற்கேற்ற அளவில் இரண்டாவது சில்லரை வாங்குங்கள்.