பி 0113 வந்தால் ஈசிஎம்மை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஆறு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. ஸ்கேன் செய்தபோது பி 0113 என்று வந்தது. காற்று வெப்பநிலை சென்சாருடன் ஈசிஎம்மையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பிழை எண் சொல்கிறது. சென்சார் உள்ளே அறுந்திருந்தாலும், எலி ஒயரைக் கடித்திருந்தாலும், ஏர் ஃபில்டர் மாற்றியவர் கனெக்டரைச் சரியாகச் செருகாவிட்டாலும் இதே எண்தான் வரும். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்பவர், பழுதைத் தேடவே இல்லை என்று பொருள்.

இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் தரும் அளவுகளை, காட்டச் சொல்லுங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையும் கூலன்ட் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று மட்டும் மைனஸ் 40 என்று காட்டினால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. அடுத்து கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் சிக்னலையும் சென்சார் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைக்க வேண்டும். எண் உடனே 100 டிகிரிக்கு மேல் தாவினால் ஒயரும் ஈசிஎம்மும் நலம்; சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். தாவாவிட்டால் முதலில் ஒயரில் பழுதைத் தேட வேண்டும். ஈசிஎம்மின் முறை கடைசியில்தான். இதை நீங்களே செய்ய வேண்டாம்; பல கார்களில் இந்தச் சென்சார், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருடன் சேர்ந்தே வருவதால் 5 வோல்ட் ஒயரும் பக்கத்திலேயே இருக்கும்; தவறி அதை எர்த்துடன் இணைத்துவிடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெயிலில் ஓட்டிவந்து நிறுத்திய காரில், எஞ்சின் சூட்டினால் இதே சென்சார் 60 டிகிரிக்கு மேலும் காட்டலாம். அது பழுதல்ல, சிறிது தூரம் ஓட்டினால் இறங்கிவிடும். மத்தியானம் அந்த எண்ணைக் காட்டி, “பாருங்கள், புது சென்சாரும் போய்விட்டது” என்று இரண்டாவதாக ஒன்றை விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் காலையில், குளிர்ந்த எஞ்சினில் பார்க்கச் சொல்கிறேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுத்த அளவை வைத்து யார் என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சோதனைக்குத் தேவையான ஒயரிங் வரைபடத்தைத் தெரு முனை மெக்கானிக்குக் கொடுக்கக் கம்பெனிகளுக்கு மனம் வருவதில்லை. பழுதுபார்க்கும் விவரங்களைக் கம்பெனிகள் பகிர்வதற்காக மத்திய அரசு 2022-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. அப்படியும் வரைபடம் கையில் இல்லாத மெக்கானிக்குக் கணித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி என்ன? அந்தக் கணிப்புக்கான செலவு உங்கள் தலையில் விழுகிறது.

சென்சார்தான் என்று உறுதியானால், கழற்றிய பழைய சென்சாரைக் கடையில் காட்டி, அதன் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். முன் பம்பர் பக்கம் இருக்கும் வெளிவெப்பநிலை சென்சார் வேறு. பெயர்க் குழப்பத்தில் அதைத் தலையில் கட்டிவிடுவார்கள். மாட்டியபின் பிழை எண்ணை அழித்து, மறுநாள் காலை லைவ் டேட்டாவை மீண்டும் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.