காலையில் சுகமாக இருக்கும் லென்ஸ் மாலையில் ஏன் உறுத்துகிறது?

கேள்வி: வயது 24. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 6 பவர். கண்ணாடிக்கு எழுதித் தந்த சீட்டை வைத்தே ஆன்லைனில் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். காலையில் போட்டிருப்பதே தெரிவதில்லை. மாலையானால் கண் சிவந்துவிடுகிறது, கழற்றப் போனால் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. படித்தால் தலை வலிக்கிறது. அடுத்து எந்த அளவு வாங்கட்டும்?

பதில்: முதலில், அந்த லென்ஸை இனிப் போடாதீர்கள். சிவப்பையும் ஒட்டிக்கொள்வதையும் பார்த்தால், அது உங்கள் கண்ணுக்கு இறுக்கமாக இருப்பதாகவே தோன்றுகிறது. இறுக்கமான லென்ஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும்; அதனால்தான் முதல் சில மணி நேரம் சுகமாக இருக்கிறது. பொழுது ஏற ஏற லென்ஸில் உள்ள ஈரம் குறைந்து பிடி இன்னும் இறுகும். கருவிழிக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே கண்ணீர் வழியாக அது எடுத்துக்கொள்கிறது. லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்கிப்போனால், அந்த ஆக்சிஜன் வரத்து குறையும்; செத்த செல்களும் கழிவும் அங்கேயே தங்கிவிடும்.

தலைவலிக்கு லென்ஸின் பவர் காரணமாக இருக்கலாம். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸோ கண்மேலேயே படிகிறது. அதனால் பவர் 4-ஐத் தாண்டினால் கணக்கை மாற்றிப் போட வேண்டும். கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் சுமார் மைனஸ் 5.50 போதும். கூடுதல் மைனஸோடு படிக்கும்போது கண் தேவையில்லாமல் பாடுபடுகிறது. சீட்டில் சிலிண்டர் பவரும், அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவரும் இருந்தால், கண்ணில் சுழலாமல் நிற்கும் டோரிக் லென்ஸ் தேவைப்படலாம்.

இனி அளவுக்கு வருகிறேன். பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: பேஸ் கர்வ், அதாவது உட்புற வளைவு, பெரும்பாலும் 8.3 முதல் 9.0 வரை, விட்டம், மென்மையான லென்ஸில் 14 மில்லிமீட்டரை ஒட்டி. வளைவு எண் சிறிதாக ஆக லென்ஸ் இறுகும். அப்படியானால் 8.4-க்குப் பதில் 8.8 வாங்கினால் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரே வளைவு எண்ணுள்ள இரண்டு கம்பெனி லென்ஸ்கள் ஒரே கண்ணில் வேறு வேறு விதமாக உட்காரும், ஏனென்றால் பொருளின் விறைப்பும் விளிம்பின் வடிவமும் வேறு. கருவிழியின் குறுக்களவும் பிடியை மாற்றும். கண்ணில் போட்டுப் பார்க்காமல் பொருத்தத்தைச் சொல்ல முடியாது.

ஆகவே கண் பரிசோதகரிடம் போய் டிரையல் லென்ஸ் கேளுங்கள். அவர் கருவிழி வளைவை அளந்து, லென்ஸைப் போட்டு, அது படிவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பார். லென்ஸ் கருவிழியை முழுதாக மூடி, சுற்றிலும் வெள்ளை விழிமேல் கொஞ்சம் படிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இமைப்புக்கும் அரை மில்லிமீட்டருக்குள் மெல்ல நகர வேண்டும். பிறகு கீழிமை வழியாக விரலால் லென்ஸை மேலே தள்ளிப் பார்ப்பார். நல்ல பொருத்தம் என்றால் இலகுவாக மேலேறி உடனே மையத்துக்குத் திரும்பும். இறுக்கமானது நகர அடம்பிடிக்கும். கழற்றிய பின் வெள்ளை விழியில் வட்டத் தடம் பதிந்திருப்பதும் உண்டு. தளர்ந்தது மையத்துக்குத் திரும்பாமல் ஒதுங்கி நிற்கும், இமைத்தவுடன் பார்வை கலங்கும்.

என்னைக் கேட்டால், காலையில் பார்த்த பொருத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். டிரையல் லென்ஸை நாள் முழுக்கப் போட்டுவிட்டு, ஒரு மாலையில் போட்டபடியே போய்க் காட்டுங்கள். கண் வறட்சி உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். வறண்ட கண்ணில் சரியான அளவுகூட உறுத்தும்.

லென்ஸ் இன்னொரு முறை ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். லென்ஸுக்கான சொட்டு மருந்தைச் சில துளி விட்டு, சில நிமிடம் பொறுத்து, மூடிய இமைமேல் மெதுவாகத் தடவினால் நகரத் தொடங்கும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, அதில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. கழற்றிய பிறகும் வலியோ, வெளிச்சம் பட்டால் கூச்சமோ, மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது லென்ஸையும் அதன் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.