குருத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: தாவரவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். நியூசிலாந்தில் சில மாதம் காட்டுப் பாதுகாப்புப் பணியில் தன்னார்வலராக இருந்துகொண்டே, அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் பண்பாட்டையும் கற்க ஆசை. இரண்டையும் சேர்த்து ஓர் ஏஜென்ட் பேக்கேஜாகத் தருகிறார். தொகை அதிகம். போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போகலாம். ஆனால் காலையில் காட்டு வேலை, மாலையில் பண்பாட்டு வகுப்பு என்று அட்டவணை நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே இரண்டும் தனித்தனியாக இல்லை. ஒரு திட்டு வாங்கித்தான் இதை நான் தெரிந்துகொண்டேன்.

ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு நாற்றுப்பண்ணையில் இரண்டு மாதம் இருந்தேன். ஹரகெகே என்று ஒரு செடி. வாள் மாதிரி நீண்ட இலைகள் விசிறியாக விரிந்து நிற்கும். ஓடைக்கரை அரிக்காமலிருக்க இதை நடுவார்கள். கூடை முடைவதும் இதில்தான். எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். பனங்குருத்தோலையில் பெட்டி முடைந்த ஆச்சியிடம் வளர்ந்தவள். இலை அறுக்கச் சொன்னதும் கை தானாக நடுக் குருத்துக்குப் போனது. பக்கத்திலிருந்த மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

நடுவில் இருப்பது பிள்ளை என்றார். அதை அணைத்தபடி இரு பக்கமும் நிற்பவை தாயும் தகப்பனும். இந்த மூன்றிலும் கை வைக்கக் கூடாது. அதற்கு வெளியே இருக்கும் தாத்தா பாட்டி இலைகளை மட்டும் அறுக்கலாம். அதையும் வெளிப்பக்கம் சரிவாக அறுக்க வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் வடிந்துவிடும், தூர் அழுகாது. மழையிலும் இரவிலும் அறுக்கக் கூடாது. முதன்முதலில் முடைந்ததை நாம் வைத்துக்கொள்ளாமல் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். குருத்து போனால் அந்த விசிறியே போச்சு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மூதாட்டி எங்களுக்குத் தாவரவியல் எடுத்தாரா, உறவுமுறை சொல்லித் தந்தாரா?

ஆக, ஏஜென்டிடம் ஒன்றைத்தான் கேளுங்கள்: அந்த நிலத்துக்குரிய மாவோரிக் குடியினர் இந்த வேலையில் இருக்கிறார்களா? ஒரு மணி நேர ஹாக்கா ஆட்டம்தான் 'பண்பாடு' என்றால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று, வேலைக்கு ஈடாகத் தங்குமிடம், சாப்பாடு வாங்கினாலும் அங்கே சட்டப்படி அது சம்பளம் மாதிரிதான். 'டூரிஸ்ட் விசா போதும்' என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: கிவிப் பறவையைக் கையில் தூக்க முடியுமா?

பதில்: எலியைத் தூக்கலாம்! வௌவாலைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டியே இல்லாதிருந்த நாடு அது. முயலை ஒழிக்க 1880களில் கொண்டுவந்து விட்ட ஸ்டோட் என்ற கீரி மாதிரிப் பிராணி பறவைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்தது. எலி, ஸ்டோட், பாஸம் (possum) என்கிற மரமேறும் பிராணி எல்லாவற்றையும் 2050க்குள் ஒழிப்பதாக அரசு இலக்கு வைத்திருக்கிறது. தன்னார்வலருக்குப் பெரும்பாலும் பொறி பார்க்கும் வேலைதான். மரப்பெட்டியைத் திறந்து, செத்ததை எடுத்துப் போட்டு, இரையாகப் புது முட்டையை வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நடக்க வேண்டும். நாலு நாள் கிடந்த எலியின் நாற்றம் கையுறையைக் கழற்றிய பிறகும் போகாது. கிவியை நான் பார்க்கவில்லை. இரவில் குரல் மட்டும் கேட்டேன்.

கேள்வி: என்னென்ன எடுத்துப் போகணும்?

பதில்: சேறு ஒட்டாத ஷூ. சேறு ஒட்டிய ஷூவை விமான நிலையத்தில் சொல்லாமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடலாம். கௌரி (kauri) என்கிற அந்நாட்டுப் பெரிய மரங்களைக் கொல்லும் நோய் மண்ணோடு பரவுவதால், காட்டு வாசலிலும் ஷூவைத் தேய்த்துக் கழுவித்தான் உள்ளே விடுவார்கள்.

அப்புறம், மராயி என்கிற அவர்களுடைய ஊர்ப்பொது முற்றத்தில் வரவேற்பு நடக்கும். உங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது மலை, ஆறு, குலம், கடைசியில்தான் பெயர். உங்களுக்குச் சிறுமலை இருக்கிறது, கவலையில்லை. நான் தேரி மணல்மேட்டைச் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. பேச்சு முடிந்ததும் விருந்தாளி தரப்பு ஒரு பாட்டும் பாட வேண்டும். நான் ஆச்சியின் தாலாட்டை எடுத்தேன். இரண்டாவது அடியிலேயே மறந்துவிட்டது. நாலு அடியாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.