ஜிம், புரதப் பவுடர் எதுவும் இல்லாமல் எளிமையாக வாழும் ஒரு மாணவர் உடம்பைத் திடமாக வைத்திருக்க முடியுமா? சமூகம் அவரை எப்படிப் பார்க்கும்?

முடியும். முதல் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். சிக்கல் முழுக்க இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

நீங்கள் போர்டிங்கில் இருந்து படிக்கிற முதலாம் வருடத்துத் தம்பி என்று நினைத்துக்கொள்கிறேன். கேள்வியில் "பவுடர்" என்று வந்ததால் அப்படித் தோன்றியது. அறையில் கூட இருப்பவன் பெரிய கறுப்பு டப்பா ஒன்றை மேசையில் வைத்திருப்பான், நீங்கள் அதன் விலையைக் கேட்டுத் திகைத்துப் போயிருப்பீர்கள். தங்கச்சியாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம், கீழே உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நான் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறேன். வீடு உவர்மலையில், வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில். உவர்மலை இறக்கத்தில் விட்டால் டவுன், பிறகு மூன்றாம் கட்டை, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்று பத்துக் கிலோமீற்றருக்கு மேல் வரும். சைக்கிளில்தான் போய் வருகிறேன். மழை அடித்து ஊற்றினால் மட்டும் பஸ். கியர் சைக்கிளா என்று கேட்காதீர்கள். அம்மா வேலைக்குப் போன காலத்து லேடீஸ் சைக்கிள், முன்னுக்குக் கூடை வைத்தது.

நிலாவெளி வீதி பார்ப்பதற்கு மட்டம். ஆனால் வைகாசிக்குப் பிறகு தென்மேற்கில் இருந்து வருகிற கச்சான் காற்று கிளம்பிவிட்டால் அந்த மட்டமான வீதி மலையேற்றம்தான். காலையில் அவ்வளவு தெரியாது. பின்னேரம் டவுன் பக்கம் திரும்பினால் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும், மண்ணும் சேர்ந்து வரும், எழும்பி நின்று உழக்கினாலும் வண்டி நகராது. மாரியில் வாடைக்காற்று காலையிலேயே எதிரே நிற்கும். வருடம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்தில் காற்றுக்கு எதிராக உழக்கத்தான் வேண்டும். இதற்கு மேல் கால் பயிற்சி எந்த மிஷினில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். எனக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. 150 நிமிடம் இரண்டு நாளிலேயே தாண்டிவிடும். தசைக்கு வீட்டுச் சுவர் இருக்கிறது. முதலில் சுவரில் கையூன்றித் தண்டால், பிறகு மேசை விளிம்பில், பிறகு தரையில். புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு குந்தி எழும்புவது. சத்தமில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் அளவில் புரதம் போதும், நன்றாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை சொல்கிறார்கள். சமைக்காத பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். சூடை, சாளை, கீரி மாதிரிச் சின்ன மீன் மலிவாக வருகிற நாளில் வாங்கினால் கேட்கவே வேண்டாம். மாரியில் வள்ளம் போகாமல் மீன் விலை ஏறினால் நெத்தலிக் கருவாடு. அவித்த கடலை, வறுத்த கச்சான், முருங்கையிலைச் சுண்டல், சிவப்பரிசிச் சோறு. இதில் எதற்கும் டப்பா தேவையில்லை. பவுடர் விஷம் என்று நான் சொல்லவில்லை, அது பாலில் இருந்து எடுக்கிற புரதம்தான், வசதி உள்ளவர்கள் குடிக்கட்டும். போர்டிங் காசைக் கட்டாமல் அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அந்த விலை கொடுத்தும் கிடைக்காது. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். பிறகு வாகனத்துக்கு இவ்வளவுதான் என்று எரிபொருளைப் பங்கிடுகிற கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு எங்கள் ஊரே வெறும் கலனோடு வரிசையில் நின்றது. அப்பா விடியப்புறம் போய் வரிசையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வருவார், மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு போவேன். சைக்கிளில்.

அந்த நாட்களில் திருகோணமலை வீதிகளைப் பார்த்திருக்க வேண்டும். காரைத் தவிர வேறெதிலும் ஏறாத ஆட்கள் எல்லாம் ரை கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். சைக்கிள் விலை எங்கோ ஏறிப்போனது, ரயரும் ரியூபும் கடைகளில் இல்லை. எங்கள் மாமா ஒருவர், சொந்தக் கார் வைத்திருப்பவர், வீட்டுக்கு வந்து என்னுடைய சைக்கிளை இரவல் கேட்டார். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். ரியூசனுக்கு நடந்து போனேன், மாமா கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் கந்தோருக்குப் போனார். பின்னேரம் கொண்டுவந்து விடும்போது ஒரு பிரசங்கம் இலவசம். "மகள், இதுதான் உடம்புக்கு நல்லம். சுகர் குறைஞ்சிருக்கு. இனிப் பெற்றோல் வந்தாலும் நான் சைக்கிள்தான்." மாமியும் பக்கத்தில் நின்று தலையாட்டினா. வெளிநாட்டில் மந்திரிமாரே சைக்கிளில் போகிறார்களாம் என்று எங்கோ பார்த்ததையும் சொன்னா. கொஞ்ச நாளில் மாமா பெரிய விலைக்குப் புதுச் சைக்கிள் ஒன்றே வாங்கிவிட்டார்.

2023 செப்டெம்பரில் கியூஆர் முறையை நிறுத்தினார்கள். அதற்கு முதலே மாமா காருக்குத் திரும்பிவிட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருடைய கார், அவருடைய காசு.

அடுத்த வருடம் சொந்தத்துக்குள் ஒரு கல்யாணவீடு. நான் வளாகத்தில் இருந்து நேரே சைக்கிளில் போய், மண்டபத்துப் பின்பக்கம் முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். பந்தியில் மாமி அம்மாவுக்குச் சொன்னது நாலு வரிசை தாண்டிக் கேட்டது. "மச்சாள், கம்பஸ் போற பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டியாவது எடுத்துக் குடுக்கலாம்தானே. வெயிலுக்க உழக்கி உழக்கிக் கறுத்துப் போச்சு, பாவம். நாளைக்கு ஒரு இடத்தில கேட்டு வந்தா என்னெண்டு சொல்லுறது?"

அதே மாமி. அதே சைக்கிள். அப்போது கூடை கூட மாற்றியிருக்கவில்லை.

நான் திரும்பி ஏதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்குச் சுட்டது மாமியின் பேச்சு அல்ல, அம்மாவின் முகம். வீட்டுக்கு வந்து அம்மா சேலைகூட மாற்றாமல் இரண்டு காப்பையும் கழற்றி மேசையில் வைத்தா. அடகு வைத்து முற்பணம் கட்டலாம், மிச்சத்துக்கு லீசிங் போடலாம் என்றா. அடுத்த நாளே ஒரு லீசிங் கந்தோரில் போய் விசாரித்தும் வந்துவிட்டா. அங்கே அவவுக்கு மாதக் கட்டை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். நான் கொப்பியில் மிச்சத்தையும் எழுதினேன்: காப்புறுதி, வருட வரிப் பத்திரம், பெற்றோல், சேவிஸ், அடகு வட்டி. அப்போது எனக்குக் கிடைத்த மஹாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாய், 2025இல்தான் 7,500 ஆனது. மாதக் கட்டு மட்டுமே அந்த 5,000ஐப் போல மூன்று மடங்கு. அப்பா அரசாங்க எழுதுவினைஞர், ஒரு சம்பளம். தம்பி ரியூசன் போகிறான். கொப்பியைப் பார்த்து அப்பா ஒன்றும் பேசவில்லை, காப்புகளை எடுத்து அம்மாவின் கையில் தானே போட்டுவிட்டார். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இப்போது சிலர் வருவார்கள் என்று தெரியும். "வீடு இருக்கு, அப்பாவுக்குச் சம்பளம் இருக்கு, அதனால எளிமை பற்றிக் கதைக்கிறாய்" என்பார்கள். சரிதான். எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறது, அது இல்லாதவருக்கு நான் எளிமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மூதூர்ப் பக்கத்தில் இருந்து விடிய வெளிக்கிட்டு டவுனுக்குக் கூலி வேலைக்கு வருகிறவர் சைக்கிள் ஓட்டுவது உடற்பயிற்சிக்காக இல்லை, அவருக்கு மோட்டார் சைக்கிள் கிடைத்தால் நான்தான் முதலில் சந்தோசப்படுவேன். இன்னும் சிலர் "அப்ப ஜிம்முக்குப் போறவன் எல்லாம் மடையனா" என்று கேட்பார்கள். இல்லை. என் சினேகிதி ஒருத்தி முழங்கால் நோவுக்குப் பிறகு ஜிம்முக்குப் போய்த்தான் தேறினாள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தம்பி, சமூகம் உங்கள் வாழ்க்கையைப் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் மற்றவர்கள் எல்லாரும் எதில் போகிறார்கள் என்று பார்க்கிறது. எல்லாரும் சைக்கிளில் போனால் நீங்கள் புத்திசாலி, ஆரோக்கியமானவர். எல்லாரும் ஸ்கூட்டிக்கு மாறிய பிறகும் சைக்கிளில் போனால் பாவம். காசு கூடிய ஒருவர் ஏழாயிரம் ரூபாய்த் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளில் நிலாவெளிக்குப் போனால் அவருக்குப் பெயர் "பிற்னஸ்". நான் திங்கட்கிழமை போனால் வறுமை. வீதி ஒன்றுதான்.

தங்கச்சிமாருக்கு இதில் இன்னொரு பங்கு கூட. விடிய ஐந்தரைக்குப் பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய்க் கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. ஏற்றம் மூச்சை வாங்க வைக்கும், மேலே போனால் இரண்டு பக்கமும் கடல். சாமி கும்பிடப் போகிற பிள்ளை என்றால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதே பிள்ளை சப்பாத்துப் போட்டு டச்சுபே கடற்கரையில் ஓடினால், "யாருக்குக் காட்ட ஓடுறாய்" என்று மதிலில் இருந்து ஒரு குரல் வரும். அதனால் நான் ஒரு சின்ன அருச்சனைக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்கிறேன். கூடைக்குள் தண்ணீர்ப் போத்தல். கோணேசப் பெருமான் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன், வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.

கோட்டை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அங்கே நிற்கிற மான்களை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எடுத்து முடிய, தின்ற சோற்றுப் பார்சலை அப்படியே எறிந்துவிட்டு வான் வண்டியில் ஏறுகிறார்கள். 2017 செப்டெம்பரில் சோறு சுற்றுகிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளான லஞ்ச் சீற்றுக்குத் தடை என்று வர்த்தமானி வந்தது. இன்றைக்கும் கோயில் வழியில் நான் பொறுக்குவது லஞ்ச் சீற்தான். குழம்பு மணத்துக்கு மான் அதைத் தாளோடு சேர்த்து மெல்லும். பறிக்கப் போனால் முட்ட வரும், விட்டால் விழுங்கிவிடும். ஒருநாள் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு, "அண்ணா, பார்சலை எடுத்துக்கொண்டு போங்கோ" என்றேன். அவர் என்னையும் கூடையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இங்க கூட்டுற ஆளோ" என்று கேட்டார். கூட்டுகிற ஆள் சொன்னால் கேட்கத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. மாமியின் கணக்கும் இதே வாய்ப்பாடுதான், ஆகவே அவ்வளவு சம்பந்தமில்லாத கதையும் இல்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். போர்டிங்கில் கதவைச் சாத்திக்கொண்டு தண்டால் எடுங்கள், ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் ஒருநாள் விட்டாலும் பகிடி பண்ணுவார்கள், அந்தப் பகிடிக்காகவே மிச்ச நாளையும் விட்டுவிடுவீர்கள். கடைப் பார்சலில் பருப்பு ஒரு கரண்டி கூடப் போடச் சொல்லிக் கேளுங்கள், அநேகமாகப் போடுவார்கள். சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால் புதிது வேண்டாம். 2022இல் அவசரத்துக்கு வாங்கிய சைக்கிள்கள் கனபேருடைய விறாந்தையில் இன்னும் நிற்கின்றன, அதிகம் ஓடாதவை, விற்கிறீர்களா என்று கேட்க ஆளில்லாமல் நிற்பவை. கேட்டுப் பாருங்கள். ரயரின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், வெயிலில் நின்று வெடித்திருந்தால் இரண்டு ரயர் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிறேக் கட்டை எப்படியும் மாற்ற வேண்டி வரும், கடல் காற்றுக்குச் செயினும் கறள் பிடித்திருக்கும், அதற்கும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். மாமா வீட்டு விறாந்தையில் நிற்கிறதை மட்டும் கேட்க வேண்டாம், அதை என் தம்பிக்குக் கேட்டு வைத்திருக்கிறேன்.