கல்லூரியின் அங்கீகாரம் போன பிறகு மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பம்: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்.டி.யில் (அங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்) சேர வழியில்லை. முதலில் ஓர் இளநிலைப் படிப்பு, பிறகு எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வு, அதன் பிறகு ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம். நடுவில் அந்த இளநிலைக் கல்லூரியே அங்கீகாரத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பொருள். ப்ரீ-மெட் மாணவர்களுக்கு, அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் இளநிலை மாணவர்களுக்கு, வழிகாட்டும் ஒருவர் பதில் சொல்கிறார். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன.

வட கரோலினாவிலிருந்து ஒரு தந்தை: மேடம், மகள் பயாலஜி மூணாம் வருஷம் படிக்கிறாள். காலேஜோட அங்கீகாரம் ரத்துன்னு டிவியில சொல்றாங்க. மூணு வருஷப் படிப்பும் வீணா?

வீணில்லை. கல்லூரி அங்கீகாரத்தோடு இருந்த காலத்தில் எடுத்த கிரெடிட் பிறகும் அங்கீகாரம் பெற்ற கிரெடிட்தான். பட்டமும் அப்படித்தான்: பட்டம் வழங்கப்பட்ட தேதியில் கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் போதும், அடுத்த மாதம் போனாலும் அந்தப் பட்டத்துக்குப் பழுதில்லை.

ஆகவே எல்லாமே ஒரு தேதியில் நிற்கிறது. ரத்து எந்தத் தேதியில் அமலுக்கு வந்தது? செய்தி வந்த தேதி வேறு, அமலாகும் தேதி வேறு. ராலேயில் உள்ள செயின்ட் அகஸ்டின்ஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் சாக்ஸ்காக் அமைப்பு 2023 டிசம்பரில் அதை நீக்க வாக்களித்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீடு தோற்றது. ஜூலையில் நடுவர் மன்றம் அந்த முடிவை மாற்றியது. டிசம்பரில் சாக்ஸ்காக் மறுபடியும் நீக்க வாக்களித்தது. நீக்க முடிவு வந்த ஒவ்வொரு முறையும் ‘அங்கீகாரம் போச்சு’ என்றுதான் தலைப்பு வந்தது. ஆனால் மேல்முறையீடு நடக்கும் காலத்தில் கல்லூரி அங்கீகாரத்தோடுதான் இருக்கும். தலைப்பைப் பார்த்து செமஸ்டரின் நடுவில் படிப்பை விட்ட பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் நட்டம்.

நீங்கள் செய்ய வேண்டியது: கல்வித் துறையின் ‘டாபிப்’ தரவுத்தளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தற்போதைய நிலையையும் தேதியையும் எடுங்கள். அங்கீகார அமைப்பின் தளத்தில் வெளியான அறிக்கையைத் தரவிறக்குங்கள். மகள் படித்த செமஸ்டர்கள் அனைத்தும் அங்கீகாரக் காலத்துக்குள் வருகின்றன என்று ரெஜிஸ்ட்ராரிடம் கையெழுத்திட்ட கடிதம் கேளுங்கள். தேதியை எழுத்தில் வாங்குங்கள். ‘கவலைப்படாதீங்க’ என்று டீன் வாயால் சொன்னதை எந்த அட்மிஷன் கமிட்டியும் படிக்காது.

அந்த வாரமே ஒவ்வொரு அறிவியல் பாடத்தின் சிலபஸையும் சேகரியுங்கள். பாட எண், புத்தகம், லேப் மணி நேரம், அந்த ஆண்டின் கேட்டலாக், எல்லாம் வேண்டும். கல்லூரியின் இணையதளம் ஒருநாள் திறக்காமலே போகலாம். பிலடெல்பியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024 மே 31 அன்று அறிவித்து ஜூன் 7 அன்று மூடியது. ஒரே வாரம்தான்.

அட்லாண்டா: எங்க காலேஜ் புரொபேஷன்ல இருக்கு. அங்கீகாரம் போன மாதிரியா?

இல்லை. புரொபேஷன் என்பது எச்சரிக்கை. முழு அங்கீகாரம் இருக்கிறது.

ஜார்ஜியா, நாலாம் வருஷ மாணவி: அக்கா, 100 கிரெடிட் முடிச்சுட்டேன். இன்னும் 20தான். வேற காலேஜ் போனா திரும்ப முதல்ல இருந்தா?

முதலிலிருந்து இல்லை, ஆனால் 20 கிரெடிட்டில் முடியாது. பட்டம் தரும் கல்லூரியிலேயே குறைந்தது கால்வாசி கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பது சாக்ஸ்காக் விதி. 120 கிரெடிட் பட்டம் என்றால் 30. அதற்கு மேல் மேஜர் (முதன்மைத் துறை) பாடங்களில் மேல்நிலை வகுப்புகள் இத்தனை எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று சேரும் கல்லூரி தனியாகவும் விதி வைத்திருக்கும். உங்கள் கணக்கு 130-ஐத் தாண்டும்.

இதில் தப்பிக்க ஒரு வழி உண்டு. ‘டீச்-அவுட் ஒப்பந்தம்’ இருக்கிறதா என்று கேளுங்கள். மூடும் கல்லூரியும் சேர்க்கும் கல்லூரியும் கையெழுத்திட்டு, அங்கீகார அமைப்பு ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அதன்கீழ் போனால் மீதிப் படிப்பை மட்டும் முடிக்கும்படி விதியைத் தளர்த்துவார்கள். ‘டீச்-அவுட் திட்டம்’ வேறு. அது கல்லூரி தனியாக எழுதி வைத்த உத்தேசம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஒப்பந்தத்தின் நகலில் உங்கள் மேஜரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

இன்னொன்று, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒன்றை இங்கேயும் இரண்டை அங்கேயும் எடுக்காதீர்கள். எந்த அத்தியாயம் எந்த செமஸ்டரில் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில கல்லூரிகள் கார்பனைல் வினைகளை முதல் செமஸ்டரிலேயே தொட்டுவிடும். புது இடத்தில் பாதியில் நுழைந்தால் ஒரு பகுதி இரண்டு முறை வரும், இன்னொன்று வராமலே போகும், கிரேடு அடிபடும். ஒன்றை முடித்துவிட்டால் இரண்டையும் முடித்துவிட்டு மாறுங்கள். லெக்சர் 3, லேப் 1 என்று தனித்தனி எண்ணில் இருந்தால் இரண்டும் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். லேப் விடுபட்டால் மெடிக்கல் ஸ்கூலின் ‘லேபுடன் ஓராண்டு’ என்ற தேவை நிறைவேறாது.

சார்லட்: புரொபேஷன்ல இருக்கும்போது எடுத்த கிரெடிட் செல்லுமா?

செல்லும். மேலே சொன்னேன்.

ஒஹாயோவிலிருந்து ஒருவர்: உண்மையைச் சொல்லுங்க மேடம். அங்கீகாரம் போன காலேஜ்னா தரமில்லாத காலேஜ்தானே? கமிட்டி அந்தப் பேரைப் பார்த்ததுமே தள்ளிவிடும்.

இதை மறுத்தே ஆக வேண்டும். தென் மாநிலங்களில் அங்கீகாரம் இழந்த பல கல்லூரிகள், குறிப்பாகக் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட பழைய கல்லூரிகள், பணப் பற்றாக்குறையால் இழந்தவை. கிரீன்ஸ்பரோவின் பென்னட் கல்லூரியை சாக்ஸ்காக் 2018 டிசம்பரில் நீக்கியது நிதி நிலைக்காக. 5 மில்லியன் டாலர் இலக்கு வைத்து 8 மில்லியனுக்கு மேல் திரட்டிக் காட்டியும் மேல்முறையீடு தோற்றது. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அங்கீகாரத்தைத் தக்கவைத்தது. அகஸ்டாவின் பெய்ன் கல்லூரிக்கும் 2016-ல் நிதிச் சிக்கல்தான், அதுவும் நீதிமன்றம் போனது. ஆசிரியர் சரியில்லை, லேப் சரியில்லை என்று அங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை. கஜானா காலியானதை வைத்து அங்கே படித்த பிள்ளையின் கெமிஸ்ட்ரி அறிவை அளக்க முடியாது.

அதே ஒஹாயோ நண்பர்: சரி. பென்னட் பிறகு ட்ராக்ஸ் என்ற வேறு அங்கீகார அமைப்புக்கு மாறியதே, அது நாடு முழுதும் செயல்படும் அமைப்பு தரும் ‘நேஷனல்’ அங்கீகாரம். மெடிக்கல் ஸ்கூல்கள் சாக்ஸ்காக் போன்ற வட்டார அமைப்பு தரும் ‘ரீஜனல்’தான் கேட்கின்றன.

நியூ ஜெர்சியிலிருந்து இன்னொருவர்: ரீஜனல், நேஷனல் என்ற வேறுபாட்டையே கல்வித் துறை 2020 ஜூலையில் எடுத்துவிட்டது. எந்த மெடிக்கல் ஸ்கூலும் மறுக்க முடியாது.

இருவர் சொல்வதிலும் பாதி சரி. 2020 ஜூலை 1 முதல் கல்வித் துறை அப்படிப் பிரிப்பதில்லை. ஆனால் அந்த விதி கட்டுப்படுத்துவது அங்கீகார அமைப்புகளையும் துறையையும்தான். ஒரு மெடிக்கல் ஸ்கூல் யாரைச் சேர்க்கும் என்பதை அது கட்டாயப்படுத்தாது. பல ஸ்கூல்களின் அட்மிஷன் பக்கத்தில் ‘ரீஜனல் அங்கீகாரம் பெற்ற கல்லூரி’ என்ற சொற்கள் இன்னும் இருக்கின்றன. பழைய வாசகம் மாற்றப்படாமல் கிடக்கலாம், வேண்டுமென்றே வைத்தும் இருக்கலாம். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு மின்னஞ்சல்: ‘என் கிரெடிட்கள் இந்த அமைப்பின் அங்கீகாரத்தில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எடுக்கப்பட்டவை. ஏற்கிறீர்களா?’ பதிலைச் சேமித்து வையுங்கள்.

நியூ ஜெர்சி: அப்படியானால் விதி எதற்கு? வழக்கு போடலாமே.

வழக்கு முடியும்போது பிள்ளையின் எம்கேட் மதிப்பெண் காலாவதியாகியிருக்கும். பெரும்பாலான ஸ்கூல்கள் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதில்லை. இதே சண்டைக்குத் தொடர்ந்து மூன்று பதில்கள் வந்திருக்கின்றன. காத்திருக்கும் மாணவர்களுக்காக இத்துடன் நிறுத்துகிறேன்.

டென்னசி: ரத்து அமலான பிறகும் ரெண்டு செமஸ்டர் படிச்சுட்டேன். பயோகெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ரெண்டும் அப்பத்தான். என்ன பண்றது?

அந்த இரண்டு செமஸ்டரை நிமிர்த்த வழியில்லை தம்பி. கல்லூரி பின்னர் அங்கீகாரம் மீட்டாலும் அது பின்னோக்கி வராது. அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரி 2002 இறுதியில் இழந்து 2022-ல்தான் ட்ராக்ஸ் வழியாக மீட்டது. இடையில் வாங்கிய பட்டம் அங்கீகாரமற்ற பட்டமாகவே இருக்கும்.

இரண்டு பாடத்தையும் அங்கீகாரம் பெற்ற நான்காண்டுக் கல்லூரியில் மறுபடி எடுங்கள், லேபுடன். கூடவே பிசியாலஜி அல்லது ஜெனெட்டிக்ஸ் ஒன்று சேர்த்து ஏ வாங்குங்கள். பழைய கிரேடுகளையும் நம்பலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பட்டம் இன்னும் வாங்கவில்லை என்றால் அந்தக் கல்லூரியில் வாங்காதீர்கள், மாறி வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அந்தக் கல்லூரியின் பெயரை ஆம்காஸில் போடாமல் விடாதீர்கள். படித்த ஒவ்வொரு கல்லூரியையும் குறிப்பிட வேண்டும், கிரெடிட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அங்கீகாரமற்ற செமஸ்டரை விளக்கலாம். மறைத்தது பிடிபட்டால் விளக்கவே முடியாது.

டல்லாஸ், ஒரு அம்மா: பழைய கல்விக் கடன் ரத்தாகும்னு சொல்றாங்களே?

கல்லூரி *மூடினால்* ஃபெடரல் கடனுக்கு அந்த வாய்ப்பு உண்டு. மூடும்போது படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது மூடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் விலகியிருக்க வேண்டும். அங்கீகாரம் மட்டும் போய்க் கல்லூரி திறந்திருந்தால் இது பொருந்தாது. டீச்-அவுட்டில் படிப்பை முடித்தாலும் பொருந்தாது. ஆகையால் மாறுவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். மூன்றாண்டு கிரெடிட் கையில் இருக்கும் பிள்ளைக்கு டீச்-அவுட்டே மேல் என்பது என் கருத்து.

எஃப்-1 மாணவர், நியூயார்க்: எனக்கு விசா என்ன ஆகும்?

வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் சான்றும் அந்தக் கல்லூரிக்குப் போகலாம். அதற்கு முன்பே புதுக் கல்லூரியில் இடம் வாங்கி, உங்கள் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவை மாற்றச் சொல்லி பழைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் தேதி குறியுங்கள். அந்த அலுவலகத்தில் ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. கிரீன் கார்டு இல்லாதவர்களை எடுக்கும் மெடிக்கல் ஸ்கூல்கள் குறைவு. அவற்றில் சில கட்டணத் தொகையை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்லும்.

திருச்சி: நீட் எழுதி, என்எம்சி அங்கீகாரம் போன காலேஜ்ல சீட் கிடைச்சா சேரலாமா?

அது வேறு சட்டம், வேறு அமைப்பு. என்எம்சி தளத்தில் அந்த ஆண்டுக்கான அனுமதியைப் பாருங்கள். இங்கே அதற்குப் பதில் சொல்வது முறையாகாது.

ஹூஸ்டன்: பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய புரொபசர்கள் எல்லாரும் வேற வேற ஊருக்குப் போயிட்டாங்க.

கடிதத்தை இன்றே எழுதச் சொல்லி, பரிந்துரைக் கடிதங்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான இன்டர்ஃபோலியோவில் போடச் சொல்லுங்கள். அவர்களே பதிவேற்ற வேண்டும், நீங்கள் படிக்கக் கூடாது. ஆம்காஸ் திறந்ததும் அங்கிருந்தே அனுப்பலாம். கல்லூரி மின்னஞ்சல் முகவரி செத்துப்போகும். புரொபசரின் சொந்த முகவரியை இப்போதே வாங்கி வையுங்கள். கல்லூரியின் சார்பில் கூட்டுக் கடிதம் தரும் ப்ரீ-மெட் கமிட்டியே கலைந்துவிட்டால் தனித்தனிக் கடிதம் போதும். கமிட்டிக் கடிதம் ஏன் இல்லை என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்.

மேரிலாந்து: கட்டுரையில் இதைப் பற்றி எழுதணுமா?

முதன்மைக் கட்டுரையில் வேண்டாம். 5,300 எழுத்துக்குறிகளும் ஏன் மருத்துவம் என்பதற்கே வேண்டும். வாழ்க்கையில் நேர்ந்த பிற தடைகளைச் சொல்ல 1,325 எழுத்துக்குறியில் தனி இடம் இருக்கிறது. கல்லூரி எப்போது இழந்தது, நீங்கள் எங்கே மாறினீர்கள், எத்தனை கிரெடிட் போனது, எப்படி முடித்தீர்கள், அவ்வளவுதான். கல்லூரி நிர்வாகத்தைத் திட்ட வேண்டாம்.

அலபாமா: புரொபேஷன்…

அட்லாண்டாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கலிஃபோர்னியா: மெடிக்கல் ஸ்கூலே அங்கீகாரம் இழந்தால்?

அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் பவுதிஸ்தா மருத்துவப் பள்ளி 2011-ல் எல்சிஎம்இ அங்கீகாரத்தை இழந்தது, பின்னர் மீட்டது. எம்.டி. பள்ளிகளுக்கு அங்கீகாரம் தருவது எல்சிஎம்இ, டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) பள்ளிகளுக்கு கோகா. உரிமத் தேர்வும் ரெசிடென்சியும் (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) இந்த அங்கீகாரத்தையே பார்க்கின்றன என்பதால் இங்கே விளைவு இளநிலைக் கல்லூரியைவிடக் கடுமை. சேரும் முன் அந்தப் பள்ளியின் நிலை முழு அங்கீகாரமா, தற்காலிகமா, புரொபேஷனா என்று எல்சிஎம்இ பட்டியலில் பாருங்கள்.

மிசிசிப்பி: காலேஜ் மூடியே போச்சு. ஆம்காஸுக்கு டிரான்ஸ்கிரிப்ட் யார் அனுப்புவா?

மூடிய கல்லூரியின் பதிவேடுகளை மாநில உயர்கல்வி அமைப்போ பக்கத்துக் கல்லூரியோ ஏற்றிருக்கும். மாநில உயர்கல்வி அலுவலகத்தில் ‘பதிவுக் காப்பாளர் யார்’ என்று கேளுங்கள். ஆம்காஸ் தரும் டிரான்ஸ்கிரிப்ட் கோரிக்கைப் படிவத்தில் உங்களுக்கான அடையாள எண் இருக்கும். அதைக் காப்பாளரிடம் கொடுத்து நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் சீல் வைத்த உறையை ஆம்காஸ் ஏற்காது. அது வேறு கல்லூரிக்கு மாறவும், காப்பாளரின் பதிவில் பிழை இருந்தால் காட்டவும் உதவும்.

பதிவுகளே கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்று அந்த மாநில அலுவலகம் எழுதித் தரும் கடிதத்துடன் ஆம்காஸில் விலக்குக் கேளுங்கள். காப்பாளரிடமிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது, கூட்ட நேரத்தில் சரிபார்க்க ஆறு வாரம் வரை எடுக்கும். ஜனவரியிலேயே காப்பாளரைக் கண்டுபிடித்து உங்கள் பெயரில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள், கிரேடுகள் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று. கடைசி செமஸ்டர் ஏறாமலே கல்லூரி மூடியிருந்தால், திருத்த அந்த நான்கு மாதம் வேண்டும்.