5×5, 5/3/1, பிபிஎல்: எந்த எடைப் பயிற்சித் திட்டத்தில் உங்களுக்கு அதிக பலன் கிடைத்தது?

ஆறேழு மாதம் ஒரே திட்டத்தில் போய், எடை ஏறாமல் நின்றுவிட்ட பிறகுதான் இப்படி ஒரு கேள்வி வரும். நீங்களும் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் எண்களைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் ஜிம்மில் இருக்கிற பாரை, அதாவது பிளேட்டுகளை மாட்டித் தூக்கும் கம்பியை, எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்க்கவில்லை. அதனால் மூன்று வாரம் குனிய முடியாமல் கிடந்தேன்.

2017 ஜூனில் ஜிம்மில் சேர்ந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. அப்போது 29 வயது, 171 செ.மீ. உயரம், 64 கிலோ. மாஸ்டர் எல்லோருக்கும் கொடுக்கும் சார்ட்டை எனக்கும் கொடுத்தார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். நெஞ்சுக்கு நாலு பயிற்சி, ஒவ்வொன்றிலும் நாலு செட். வெள்ளிக்கிழமை என்றால் ஷிப்மென்ட் நெருக்கடி, கால் பயிற்சி பாதி வாரம் விட்டுப்போகும். போன நாளிலும் லெக் பிரஸ் மெஷினோடு சரி. பதினோரு மாதத்தில் பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே பாரைத் தள்ளுவது) 20 கிலோவிலிருந்து 45க்கு வந்தது. ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) என்று ஒன்று என் நோட்டில் இல்லவே இல்லை. மாஸ்டரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாரை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

2018 ஜூனில் 5×5. வாரம் மூன்று நாள், மூன்று நாளும் ஸ்குவாட், ஐந்து செட், செட்டுக்கு ஐந்து ரெப், அதாவது ஐந்து முறை. பெஞ்சும், தலைக்கு மேலே தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸும் மாறி மாறி வரும். ஐந்து செட்டையும் முடித்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்ட வேண்டும். தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட், அதற்கு 5 கிலோ. ஸ்குவாட்டை 30 கிலோவில் தொடங்கினேன், டிசம்பரில் 85. பெஞ்ச் 57.5. அலுவலகத்தில் நாலு பேரை இதே திட்டத்துக்கு இழுத்து வந்தேன். கால் பயிற்சியைச் சரியாகச் செய்யாமல் பதினோரு மாதம் ஓட்டிய ஒருவன் ஒழுங்காகக் கால் பயிற்சி செய்தால் ஏறத்தானே செய்யும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆறு மாதமும் தினம் நாலு முட்டையும் அரை லிட்டர் பாலும் கூடுதலாகச் சாப்பிட்டேன், உடல் எடை 69 ஆனது. எல்லாப் பெருமையையும் 5×5க்கே கொடுத்தேன்.

அந்த டிசம்பரில் ஜிம் உரிமையாளர் சலுகை என்று சொல்லி வருடக் கட்டணம் 7,500 ரூபாய் வாங்கினார். ஜனவரியில் கதவில் 'பராமரிப்புப் பணி' என்று அட்டை தொங்கியது. இரண்டு வாரம் கழித்து உள்ளே மெஷின்களே இல்லை. என்னைப் போல முப்பது பேருக்கு மேல் கட்டியிருந்தோம். போனை எடுக்கவில்லை, ரசீதும் யாரிடமும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன்: ரசீது இல்லாமல் வருடப் பணம் கட்டாதீர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய காசு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, பிப்ரவரியில் வேறு ஜிம். ஒரு மாதம் விட்டுப்போனதால் ஸ்குவாட்டுக்கு 85 வேண்டாம், 80 போதும் என்று ஏற்றினேன். மூன்றாவது ரெப்பில் கீழிருந்து எழ முடியவில்லை. முன்னால் சாய்ந்தேன், இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் ஷூ லேஸை மனைவிதான் கட்டிவிட்டாள்.

பழைய ஜிம்மில் கூடவே பயிற்சி செய்த நண்பர் ஒருவர் அரிசிக் கடை வைத்திருக்கிறார். கட்டிய பணத்துக்கு ஈடாக, காலி செய்த அன்று எப்படியோ ஒரு பாரும் நாலு பிளேட்டும் எடுத்து வந்திருந்தார். கடையின் எலக்ட்ரானிக் தராசில் அவற்றை வைத்தோம். போட்டிகளில் ஆண்களுக்கான பார் 20 கிலோ. நாங்களும் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தோம். தராசில் 12.8. 20 என்று எழுதிய பிளேட் 18.6, 10 என்று எழுதியது 9.4. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். என் 85 கிலோ ஸ்குவாட் உண்மையில் 73.8. புது ஜிம்மில் பார் சரியான எடை, அங்கே ஏற்றிய 80 நான் அதுவரை தூக்கியே இராத எடை. நோட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

மார்ச் 2019இல், பவர்லிஃப்டிங் வீரரான வெண்ட்லர் உருவாக்கிய 5/3/1 திட்டத்தை எடுத்தேன். ஒரே ஒரு முறை தூக்க முடிந்த எடையில் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்து, முதல் வாரம் அதில் 65, 75, 85 சதவீதம். மூன்றாவது வாரம் 95 வரை போகும், நாலாவது வாரம் லேசாக. சுற்று முடிந்தால் காலுக்கு 5 கிலோ, மேலுடம்புக்கு 2.5 கிலோ கூடும். ஸ்குவாட்டை சரியான பாரில் 60 கிலோ ஐந்து ரெப்பில் தொடங்கி, ஊரடங்கு வருவதற்கு முன் 92.5 கிலோ ஐந்து ரெப். அதில் 14 கிலோ விட்டதைத் திரும்பப் பிடித்ததுதான். ஒரு வருடத்தில் புதிதாக ஏறியது 19 கிலோ கூட இல்லை.

இதை மட்டும் பார்த்தால் 5×5 ஆறு மாதத்தில் பல மடங்கு கொடுத்தது என்பீர்கள். ஸ்குவாட்டைப் புதிதாகத் தொடங்கும்போது ஏறும் கிலோவும் பிறகு ஏறும் கிலோவும் ஒன்றல்ல. நான் 5/3/1 பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. நவம்பரில் மகள் பிறந்தாள். இரவில் நாலு மணி நேரத் தூக்கம்கூடத் தொடர்ந்து கிடைக்கவில்லை. அந்தத் திட்டத்தில் கடைசி செட்டுக்குக் குறைந்தபட்ச ரெப் என்று ஒன்று உண்டு. நல்ல நாளில் ஒன்பது, பத்து என்று போவேன், தூங்காத நாளில் ஐந்தோடு முடித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அதுவும் முடித்த நாள்தான். 5×5இல் அதே நாட்கள் தோற்ற நாட்களாகி, மூன்று முறை தோற்றதும் 10 சதவீதம் குறைத்திருப்பேன், நாலாவது முறை ஜிம்முக்கே போயிருக்க மாட்டேன்.

பிபிஎல் (புஷ்-புல்-லெக்ஸ்: தள்ளும் பயிற்சி, இழுக்கும் பயிற்சி, கால் என்று நாட்களைப் பிரிக்கும் திட்டம்) நான் செய்ததில்லை. வாரம் ஆறு நாள் எனக்குக் கிடைக்காது.

92.5க்கா இவ்வளவு பேச்சு என்று சிலர் வருவார்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், ஊசி போட்டதில்லை, பவுடர் குடித்ததில்லை. எனக்கு அது பெரிய எடை.

நீங்கள் திட்டத்தை மாற்றுவதற்கு முன் பாரை எடை போடுங்கள். வீட்டு எடை மெஷினில் ஒரு முறை நீங்கள் மட்டும் நில்லுங்கள், அப்புறம் பாரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். அந்த எண்ணோடு, எத்தனை மாதமாகச் செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் கீழே எழுதினால், தெரிந்ததைச் சொல்கிறேன்.