விபத்தில் கணவரை இழந்தேன். ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 34. மூன்று மாதத்துக்கு முன் வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதி இறந்துவிட்டார். ஹெல்மெட் போடவில்லை. லாரிக்காரர் தரப்பில் 4 லட்சம் தருவதாகச் சொல்லி ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாததால் கோர்ட்டில் ஒன்றும் கிடைக்காதாம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். மனுவில் அவர் பெயரைச் சேர்க்காதே என்கிறார் என் அண்ணன். என்ன செய்வது?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில், அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. டிரைவர் மேல் உள்ள போலீஸ் கேஸை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். அது அரசு நடத்தும் வழக்கு, உங்கள் கையெழுத்தால் முடிந்துவிடாது. அது முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. நஷ்டஈட்டு வழக்கு தனி. அதை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து நடந்த இடத்தில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

நாள் குறைவாக இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்கு மூன்று மாதம் மீதி இருக்கிறது.

சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது பொய். இந்தச் சொல்லை நம்பிக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போன குடும்பங்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. கொத்தனாருக்கு யார் சம்பளச் சீட்டு தருகிறார்கள்? அவரை வேலைக்கு அழைத்துப் போன மேஸ்திரி வந்து சாட்சி சொல்லலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் தொழிலுக்கு அதுவே சான்று. வாரியத்தின் விபத்து மரண உதவிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். எந்தக் காகிதமும் இல்லாவிட்டாலும், அந்தத் தொழிலில் ஒருவர் எவ்வளவு சம்பாதிப்பார் என்று தீர்ப்பாயமே ஒரு தொகையை நிர்ணயிக்கும்.

அதற்குப் பிறகு கணக்குதான். உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துக் கொடுத்த கணக்கு அது. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் இருந்த சுயதொழில்காரர் என்பதால், எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூடும்: 21,000. நீங்கள், பிள்ளைகள், மாமியார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்தீர்கள். அதனால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழிப்பார்கள்: 15,750. ஆண்டுக்கு 1,89,000. இதை, இறந்தவரின் வயதைப் பொறுத்த ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதைப் பெருக்குத்தொகை என்பார்கள். முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வயதுக்கு அது 16. ஆக 30,24,000 ரூபாய். கணவரை, தகப்பனை, மகனை இழந்ததற்கென்று ஆளுக்கு 40,000-க்குக் குறையாத தொகையும், ஈமச் செலவும், மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் இதற்கு மேல். அவர்கள் தருவதாகச் சொல்வது 4 லட்சம்.

இதே கணக்கில் மாமியாரை விட்டுப் பாருங்கள். மூன்று பேர்தான் என்றால் கழிவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். தொகை 26,88,000-க்கு இறங்கும். உங்கள் அண்ணன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் கணக்கு வேறு மாதிரி. பணத்தை விடுங்கள், அந்த அம்மாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவரையும் மனுதாரராகச் சேருங்கள். யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்ப்பாயமே பிரித்துச் சொல்லும்.

ஹெல்மெட் போடாததால் வழக்கு தோற்காது. மோதியது லாரி. தலையில் அடிபட்டு இறந்திருந்தால், அவர் பேரிலும் தவறு உண்டு என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். அதை ஏற்றால் ஒரு பங்கைக் குறைப்பார்களே தவிர, மனுவைத் தள்ளிவிட மாட்டார்கள்.

ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். லாரியின் இன்சூரன்ஸ் விவரத்தையும் வாங்கிவிடுங்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் வீட்டில் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். ஆதாரில் உள்ள பிறந்த தேதி வயதுக்குச் சான்றாகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வயது 36 என்று பதிவானால் பெருக்குத்தொகை 15 ஆகிவிடும். பெருக்குத்தொகையில் அந்த ஒன்று குறைந்தால் உங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய் நஷ்டம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். தனியாக வக்கீல் வைத்தாலும், வெற்றுத் தாளிலோ நிரப்பாத காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வக்காலத்தையும் மனுவையும் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பெயரிலும் மாமியார் பெயரிலும் தனித்தனி வங்கிக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் இருவரின் பங்கும் அவரவர் கணக்குக்கு வர வேண்டும். பிள்ளைகளின் பங்கு, அவர்களுக்கு 18 வயது முடியும்வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும்.